ஏழு வயது மகளுக்கு வலிப்பு: பெற்றோர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

திருகோணமலை உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஏழு வயது மகளுக்கு இரண்டு தடவை வலிப்பு வந்திருக்கிறது. வைத்தியசாலையில் பார்த்து, சோடியம் வல்ப்ரோவேட் பாணி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். கிளினிக்கில் கூட்டம் என்பதால் கேட்க நினைத்ததில் பாதியைக் கேட்க முடியவில்லை. மாமி நூல் கட்டச் சொல்கிறார். பாடசாலையோ "சுகமானதும் அனுப்புங்கள்" என்கிறது. இரவில் தாய்க்கு நித்திரை இல்லை. "நான் எதைப் படிக்க வேண்டும், யாரிடம் போக வேண்டும்?" என்று கேட்கிறார்.

குழந்தைகள் வார்ட்டில் நீண்ட காலம் தாதியாக இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டொக்டரின் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். மற்றதெல்லாம் கதைக்கலாம்.

தங்கச்சி, நடுச்சாமத்தில் போனில் தேடிப் படிப்பதை முதலில் நிறுத்துங்கள். அங்கே வருவதெல்லாம் ஆகக் கடுமையான வகைகளின் கதைகள். வலிப்பு நோய் என்பது ஒரே நோய் அல்ல, பல வகைகளுக்கு ஒரு பொதுப் பெயர். சில பிள்ளைகளுக்கு நித்திரையில் முகத்தின் ஒரு பக்கம் இழுத்து எச்சில் வழியும், பதின்ம வயது முடிவதற்குள் தானாக நின்றுவிடும். சில பிள்ளைகள் விழுவதே இல்லை. ஐந்து பத்து வினாடி கண் நிலைகுத்தி நிற்பார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஒரே நாளில் பல தடவை வந்தாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது, "வகுப்பில் கனவு காண்கிறாள்" என்று டீச்சர் அடிக்கும் வரை. கைக்குழந்தைகளில் வேறொரு வகை உண்டு. நித்திரை விட்டு எழும்பும் நேரத்தில் உடம்பு குனிந்து, கை விரிந்து, அடுத்தடுத்துத் திடுக்கிடும். வயிற்றுக் குத்து என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு கிழமைக்கணக்கில் இருந்துவிடுவார்கள். அது அவசரம், அன்றைக்கே காட்ட வேண்டும். காய்ச்சலோடு மட்டும் வரும் வலிப்பு, ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில், பெரும்பாலும் வலிப்பு நோயே அல்ல.

ஆகவே அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் பிள்ளைக்கு வந்திருப்பது எந்த வகை?" பதில் இன்னும் தெளிவில்லை என்றாலும் பரவாயில்லை, கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். எத்தனை வருடம் மருந்து, எது ஆபத்து, வளர வளர விட்டுப்போகுமா என்பதெல்லாம் அந்த ஒரு பதிலில்தான் தொங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது. சரியான மருந்து கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் வரையானோர் வலிப்பே வராமல் வாழலாம். உங்கள் மகள் அந்தப் பக்கம் போவதற்கான வாய்ப்புத்தான் அதிகம்.

வலிப்பு வரும் அந்த இரண்டு நிமிடத்துக்கான பாடம் சின்னது. வராத நாட்களுக்கான பாடம்தான் பெரிது, அதைச் சொல்லித் தருவதற்குத்தான் ஆள் குறைவு. இரண்டையும் சொல்கிறேன்.

வலிப்புத் தொடங்கினால் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். பயத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும், பிறகு டொக்டரிடம் "அரை மணித்தியாலம் இழுத்தது" என்று சொல்வோம். பிள்ளையை நிலத்தில் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், எச்சிலும் சத்தியும் வெளியே வழியட்டும். தலைக்குக் கீழே மெல்லிய துணி. கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள். பக்கத்தில் இருக்கும் கதிரை, அடுப்பு, கண்ணாடிச் சாமான்களைத் தள்ளி வையுங்கள். கையையும் காலையும் அமத்திப் பிடிக்கக் கூடாது. வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதுவும் வேண்டாம். நாக்கு தொண்டைக்குள் விழுங்கப்பட்டுவிடாது. நாக்கு கடிபட்டால் ஆறிவிடும், உடைந்த பல் தொண்டைக்குள் போனால் அது வேறு கதை. கையில் திறப்புக் கோர்வை, இரும்பு கொடுப்பது நம் ஊரில் ரயில் நிலையத்தில்கூட நடக்கும். அதனால் வலிப்பு நிற்பதில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் அது தானாக நிற்கும் நேரத்தில்தான் இரும்பும் கைக்கு வந்து சேர்ந்திருக்கும், பெயர் இரும்புக்குப் போய்விடுகிறது. வெங்காயம், செருப்பு மணக்க வைப்பதும் அப்படித்தான்.

ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. ஒரு வலிப்பு முடிந்து நினைவு வராமலே அடுத்தது தொடங்கினாலும், தண்ணீருக்குள் நடந்தாலும், தலையில் பலமாக அடிபட்டாலும், வலிப்பு நின்ற பிறகும் மூச்சு சீராகாவிட்டாலும் ஐந்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டாம். நின்ற பிறகு பிள்ளை குழம்பிப்போய்க் கதைக்கும், அழும், அல்லது அடித்துப் போட்டமாதிரி நித்திரை கொள்ளும். அது வழமைதான். முழு நினைவு வரும்வரை தண்ணீரோ மருந்தோ வாயில் ஊற்றக் கூடாது.

நீங்கள் உப்புவெளி என்பதால் பெரிய வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. இதை வாசிக்கும் வேறு பெற்றோர் ஈச்சிலம்பற்றிலோ குச்சவெளிக்கு அங்காலோ இருந்தால் டொக்டரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: நீண்ட வலிப்பை வீட்டிலேயே நிறுத்த, ஆசனவாயால் ஏற்றும் டயஸிபாம் அல்லது கன்னத்துக்குள் விடும் மிடசோலம் தர முடியுமா என்று. எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது. தந்தால், எப்படி, எத்தனை நிமிடத்தில், எத்தனை தடவை என்று அங்கேயே நின்று செய்து பார்த்துவிட்டு வாருங்கள்.

கூட ஒருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இதை வெட்கப்பட்டுச் செய்யாமல் விடுபவர்கள் அதிகம். வலிப்பை டொக்டர் நேரில் பார்ப்பது அபூர்வம், நீங்கள் சொல்லும் கதையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார். எப்படித் தொடங்கியது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது என்பது சில வேளை ஸ்கானைவிட அதிகம் சொல்லும். ஈ.ஈ.ஜி. (தலையில் கம்பி ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் சோதனை) சரியாக இருக்கிறது என்று வந்தாலும் வலிப்பு நோய் இல்லை என்று ஆகிவிடாது. அது எடுத்த அந்தக் கொஞ்ச நேரத்து நிலைமையை மட்டுமே காட்டும். ஈ.ஈ.ஜி.க்குப் போகும் நாளில் தலை முழுகி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். நல்லெண்ணெய் வழியும் தலையில் கம்பி ஒட்டாது, திருப்பி அனுப்புவார்கள்.

இனி மருந்து. பாணியைத் தேக்கரண்டியால் அளக்காதீர்கள். வீட்டுக்கு வீடு கரண்டி வித்தியாசம். ஊசியில்லாத சிரிஞ்சை மருந்தகத்தில் வாங்குங்கள், எந்தக் கோடு வரை என்று பேனையால் அடையாளம் போடுங்கள். அப்போது அப்பாவும் மாமியும்கூடப் பிழையில்லாமல் கொடுக்கலாம். சாப்பாட்டோடு கொடுத்தால் வயிற்றுப் பிரட்டல் குறையும். பாணியில் சீனி இருக்கலாம், குடித்த பிறகு வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். ஒரு வேளை தவறினால் ஞாபகம் வந்த உடனே கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

வல்ப்ரோவேட்டில் பசி கூடும், உடம்பு வைக்கும், முடி கொஞ்சம் கொட்டும். பெரும்பாலும் சமாளிக்கக் கூடியவை. ஆனால் திரும்பத் திரும்பச் சத்தி, கடும் வயிற்றுக் குத்து, வழமையில்லாத சோர்வு, கண் மஞ்சளாதல், அடிபடாமலே உடம்பில் அங்கங்கே கன்றி நீலம் பாய்தல் என்றால் கிளினிக் நாள் வரும்வரை பொறுக்காதீர்கள், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். ஈரலையோ கணையத்தையோ தாக்குவது அரிது, நடந்தால் விளையாட்டல்ல. மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்கு: லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளை திடீரென்று கோபக்காரனாகிவிட்டால் அது வளர்ப்பின் குறை அல்ல, மருந்தாக இருக்கலாம், டொக்டரிடம் சொல்லுங்கள். கார்பமசெப்பின் என்ற இன்னொரு வலிப்பு மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில் தோலில் சிவந்து தடித்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

உங்களுக்குப் பெண் பிள்ளை என்பதால் இதையும் சொல்ல வேண்டும். வல்ப்ரோவேட் எடுத்துக்கொண்டே பிற்காலத்தில் கருவுற்றால், நூறு குழந்தைகளில் சுமார் பத்துக்கு உடற்குறைபாடும், முப்பது நாற்பதுக்கு வளர்ச்சிக் குறைபாடும் வரலாம். ஏழு வயதில் இதற்காக மருந்தை நிறுத்தத் தேவையில்லை, நிறுத்தவும் கூடாது. ஆனால் அவளுக்குப் பத்து வயதாகியும் இதே மருந்துதான் என்றால், மாற்ற முடியுமா என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். பெரியபிள்ளையான பிறகு கேட்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

மருந்தைத் திடீரென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. "மூன்று மாதமாக வரவில்லை, பிள்ளைக்குச் சுகம்" என்று நிறுத்திவிட்டு, விடாமல் இழுக்கும் வலிப்போடு ஓட்டோவில் ஓடி வருவார்கள். வராமல் இருப்பதே மருந்தால்தான். வழக்கமாக இரண்டு வருடம் வலிப்பில்லாமல் இருந்த பிறகே நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள், அதையும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பார்கள். 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். மாரி வெள்ளத்தில் பாதை மூடுவதும் நமக்குப் புதிதல்ல. கடைசிச் சொட்டு வரை காத்திருக்காமல், இரண்டு கிழமைக்கு வேண்டிய மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வெளியில் வாங்க நேர்ந்தால் பழைய போத்தலைக் கொண்டுபோய்க் காட்டி, அதே மருந்து, அதே வலு என்று பார்த்து வாங்குங்கள்.

காய்ச்சல், நித்திரைக் குறைவு, தவறிய மருந்து, இந்த மூன்றும்தான் கட்டுப்பாட்டில் இருக்கும் வலிப்பைத் திரும்ப இழுத்து வருபவை. கோணேசர் கோயில் சிவராத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள், விடிய விடிய விழிக்க வைக்காதீர்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துத் தாய்மார் நோன்பு பற்றிக் கேட்பார்கள். சின்னப் பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை, பழக்குகிறோம் என்று மருந்து நேரத்தைக் குழப்ப வேண்டாம். டிவி வெளிச்சத்தால் வலிப்பு வருவது நூறு நோயாளரில் சுமார் மூன்று பேருக்குத்தான். அதற்காக எல்லாப் பிள்ளையின் கார்ட்டூனையும் பறிக்கத் தேவையில்லை. கற்பூரத்தை மட்டும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கல்கண்டு என்று நினைத்து விழுங்கினால் வலிப்பு இல்லாத பிள்ளைக்கும் வலிப்பு வரும்.

இரவு நித்திரையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் பயத்துக்குப் பெயர் வைத்துச் சொல்கிறேன்: நித்திரையில் பிள்ளை செத்துவிடுமோ என்பது. அப்படி நடப்பது உண்டு. வலிப்பு நோயுள்ள பிள்ளைகளில் வருடத்துக்கு 4500 பேரில் ஒருவர் என்பது கணக்கு. உடம்பு முழுதும் இழுக்கும் வலிப்பு, அதுவும் இரவில், அடிக்கடி வரும் பிள்ளைகளுக்கே அந்த ஆபத்து அதிகம். அதைக் குறைக்கும் வழி நீங்கள் விழித்திருப்பது அல்ல, மருந்து ஒழுங்காக உள்ளே போவது. ஒரே அறையில் படுங்கள், மெத்தென்ற பெரிய தலையணையை எடுத்துவிடுங்கள். ஒரு இரவு நீங்கள், ஒரு இரவு உங்கள் கணவர் என்று முறை வையுங்கள். "அவருக்கு வேலை" என்பீர்கள். உங்களுக்கும் வேலைதானே? நித்திரையில்லாத தாய் மருந்து மறப்பாள், அதுதான் உண்மையான ஆபத்து. பல கிழமையாக மனம் கனத்து, சாப்பாடு இறங்காமல், அழுகை அடக்க முடியாமல் இருந்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926க்கு எடுத்தாலும் தேசிய மனநல நிறுவகத்தில் 24 மணித்தியாலமும் கதைப்பார்கள். வலிப்புப் பிள்ளைகளின் தாய்மாருக்கு இது சாதாரணமாக வருவது.

மாமியின் நூல் கதைக்கு வருவோம். நூலால் கெடுதி இல்லை, கட்டட்டும். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைக்கட்டும், மௌலவி ஓதட்டும். நான் நின்று தடுப்பது நான்கு இடங்களில் மட்டும்: மருந்தை நிறுத்தச் சொன்னால், பெயர் தெரியாத தூளும் கசாயமும் கொடுத்தால், புகை போட்டால், சூடு வைத்தால். மாமியோடு வாதாடி வெல்ல முடியாது, அடுத்த கிளினிக்குக்கு அவரையே கூட்டிப் போங்கள். தான் பிரஷருக்குத் தினமும் குளிசை போடுவதைப்போலத்தான் பேத்தியும் என்று டொக்டரின் வாயால் கேட்டால் ஏற்றுக்கொள்வார். சிரிஞ்சை அவர் கையில் கொடுங்கள், காலை மருந்துக்கு அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு நூல் கட்டியவரே மருந்து நேரத்துக்குக் கத்துவார். கிரகணத்தைப் பார்த்தாய், அதைச் சாப்பிட்டாய், இதனால்தான் வந்தது என்று யார் சொன்னாலும் காதில் போடாதீர்கள். பிறக்கும்போது மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், தலையில் அடி, பரம்பரை என்று காரணங்கள் உண்டு. பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. தொற்றுவதும் இல்லை.

பாடசாலை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன். "சுகமானதும்" என்றால் எப்போது? இரண்டு வருடம் கழித்தா? 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி இந்த நாட்டில் கட்டாயம். சண்டைக்குப் போகாமல் முதலில் வகுப்பு டீச்சரைத் தனியாகப் பாருங்கள். பாடசாலை பயப்படுவது பெரும்பாலும் தங்கள் கையில் வைத்து ஏதும் நடந்துவிடுமோ என்றுதான். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வலிப்பு எப்படி வரும், சரித்துப் படுக்க வைக்கவும், வாயில் எதுவும் வைக்க வேண்டாம், ஐந்து நிமிடம் தாண்டினால் 1990, எங்கள் இரண்டு பேரின் நம்பர். டொக்டரின் கடிதத்தையும் இணையுங்கள். அப்படியும் மறுத்தால் அதிபரிடம் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பிறகு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். எழுத்தில் கேட்டதுமே பல கதவுகள் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். படிப்பில் பின்தங்கினால் "வலிப்புக்காரப் பிள்ளை, அப்படித்தான்" என்று விடாதீர்கள். மருந்து மந்தமாக்கலாம், கண்ணுக்குத் தெரியாத சின்ன வலிப்புகள் வரலாம், உண்மையிலேயே கற்றல் சிரமமும் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

வீட்டுக்குள் பூட்டி வைப்பதும் வேண்டாம். தண்ணீர், நெருப்பு, உயரம் மூன்றிலும் மட்டும் கண் இருக்கட்டும். நம் மாவட்டத்தில் முதல் ஆபத்து தண்ணீர்தான். கிணற்றடியில் தனியாக விடக் கூடாது, கட்டு உயரம் குறைந்த கிணறு என்றால் மூடி போடுங்கள். குளியலறையில் வாளித் தண்ணீரில் குளிக்கட்டும், உள்தாழ்ப்பாள் வேண்டாம், கதவு சாத்தியிருந்தால் போதும். கடல்? வலிப்பு கட்டுப்பட்டு, டொக்டரும் சரி என்ற பிறகு, சித்திரையிலிருந்து ஆவணி வரை நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், இடுப்பளவுத் தண்ணீரில், நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் குளிக்கட்டும். கரையில் உட்கார்ந்து பார்ப்பது கணக்கில் வராது, வலிப்பு வந்த பிள்ளை கத்தாமல் மூழ்கும். சைக்கிள் ஓடலாம், ஹெல்மெட்டோடு, ஒழுங்கைக்குள். விறகடுப்புப் பக்கம் வேண்டாம். மரம் ஏறல் இப்போதைக்கு வேண்டாம். மற்ற விளையாட்டெல்லாம் விளையாடட்டும். மூத்தவனோ இளையவனோ இருந்தால் அவனுக்கும் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால், தான் சண்டை பிடித்ததால்தான் அவளுக்கு வந்தது என்று அவன் தனக்குள்ளே ஒரு கதை கட்டிக்கொள்வான்.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு, கிளினிக் வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தாய்தான் என் முதல் பதில். நான்கைந்து பேர் சேர்ந்து, கிளினிக் தாதியிடமோ உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடமோ சொன்னால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மாதத்தில் ஒரு தடவை ஒன்றுகூடுவதற்கு இடம் கேட்கலாம். முதல் நாள் பேச்சு வேண்டாம். ஒரு தலையணையைப் பிள்ளையாக வைத்து, சரித்துப் படுக்க வைத்து, மணிக்கூடு பார்த்து எல்லோரும் செய்து பார்க்கட்டும். அப்பாமாரையும் கூப்பிடுங்கள், அவர்கள் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள், முன்னுக்கு இழுத்து விடுங்கள். அங்கே ஒரு கட்டுப்பாடு: மருந்தைக் கைமாற்றக் கூடாது. "என் மகனுக்கு இதில் நின்றது" என்று மிச்சப் பாணியைக் கொடுப்பது அன்பு மாதிரித்தான் தெரியும். ஒரு வகை வலிப்பை நிறுத்தும் மருந்து இன்னொரு வகையைக் கூட்டிவிடும்.

இரண்டு மருந்து சரியாகக் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் கொழும்புக்கு, பெரும்பாலும் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். அதை முடிவு என்று நினைக்க வேண்டாம். வேறு மருந்து, கீட்டோ உணவு (கொழுப்பைக் கூட்டி மாச்சத்தைக் குறைத்து டொக்டர் அளந்து தரும் சாப்பாட்டு முறை), சிலருக்குச் சத்திரசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. போகும்போது வலிப்புத் திகதிகள் எழுதிய கொப்பி, வீடியோ உள்ள போன், எல்லாப் பழைய சீட்டுகளும் கையில் இருக்கட்டும். சிங்களம் தெரியாவிட்டால் கேள்விகளை முன்கூட்டியே யாரிடமாவது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி வாங்குங்கள். இரவு பஸ்ஸையும் இரவு ரயிலையும் முடிந்தவரை தவிருங்கள். நித்திரை கெட்டு வழியிலேயே வலிப்பு வந்த பிள்ளைகள் உண்டு. பகலில் போய் ஓர் உறவினர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் காட்டுவது நல்லது. மருந்துப் போத்தலைப் பெரிய பையோடு மேல் தட்டில் போடாமல் உங்கள் கைப்பையில், சிரிஞ்சோடு வையுங்கள்.